முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாவட்ட வலைப்பந்துப் போட்டி. இரண்டாம் பாதி ஆட்டம். படிவம் நான்கில் படித்த என் மாணவி ஒருத்தி துள்ளி எழுந்து பந்தைப் பிடித்தாள். ஒற்றைக் காலில் தரையிறங்கினாள். பந்தை அடுத்தவளுக்கு எறிய உடம்பைத் திருப்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. அப்படியே சரிந்து விழுந்தாள்.

“யாரும் என்னைத் தொடவே இல்ல டீச்சர். உள்ளுக்குள்ள ‘டப்’புனு ஒரு சத்தம் கேட்டுச்சு,” என்றாள்.

“சுளுக்காத்தான் இருக்கும், பயப்படாதே,” என்று சொல்லிவிட்டு வலி மரத்துப்போகும் ஸ்ப்ரேயை அடித்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி தேங்காய்போல் வீங்கிவிட்டது. தைலம் தேய்த்து உருவிவிடும் ஒருவரிடம் அவளுடைய அம்மா அழைத்துப் போனார். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியது. நடந்தாள், மாடிப்படி ஏறினாள். “விளையாடலாமா டீச்சர்?” என்று கேட்டாள். சரி என்றேன். பயிற்சியின் இரண்டாம் நாளே, ஓடித் திரும்பும்போது முட்டி நழுவியது. இம்முறை காலை நீட்டவே முடியவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த மருத்துவர் இரண்டு செய்திகள் சொன்னார். முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு நார் போட்டியன்றே முழுதாக அறுந்திருக்கிறது. பயிற்சியின்போது விழுந்ததில் பிறைக்குருத்தும் கிழிந்திருக்கிறது. முதலாவது, போட்டித் திடலில் நடந்த விபத்து. இரண்டாவதற்கு நான்தான் பொறுப்பு. அறிவியல் ஆசிரியையான எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அன்று தெரியவில்லை. அதை உங்களுக்குச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

மேசைமேல் இரண்டு உருண்டைகள்

நம் உடலின் மிகப் பெரிய மூட்டு முழங்கால் மூட்டுதான். மேலே தொடை எலும்பு, உடலிலேயே மிக நீளமான எலும்பு. அதன் அடிப்பகுதி இரண்டு உருண்டைகளாகப் பருத்திருக்கும். கீழே கணைக்கால் எலும்பு. அதன் மேற்பகுதி ஏறக்குறைய ஒரு மேசைபோல் தட்டையானது. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, எளிதில் கழன்று வராது. முட்டியில் அப்படிக் கிண்ணம் எதுவும் இல்லை. மேசைமேல் வைத்த இரண்டு உருண்டைகள் உருண்டோடாமல் எப்படி நிற்கின்றன?

போர்ட் கிள்ளானில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விடை எளிது. நம் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்களைப் பாருங்கள். தளத்தின்மேல் கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கடல் ஆட்டத்தில் அவை சரியாமல் இருக்க, இரும்புக் கம்பிகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். நம் முட்டியிலும் அதே ஏற்பாடுதான்.

எலும்பையும் எலும்பையும் கட்டும் நாரை இணைப்பு நார் என்கிறோம். படிவம் நான்கு உயிரியலில் ‘லிகமென்’ என்று படிப்பீர்கள். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், அதாவது ‘தெண்டன்’. தேர்வில் பலரும் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். முட்டியில் முக்கியமான இணைப்பு நார்கள் நான்கு. இரண்டு, மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. முன் குறுக்கு நார், கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. விளையாட்டுச் செய்திகளில் ‘ஏ.சி.எல்.’ என்று அடிக்கடி அடிபடுவது இதுதான். பின் குறுக்கு நார், அதே எலும்பு பின்னோக்கிப் போகாமல் தடுக்கிறது. மற்ற இரண்டும் உட்பக்க நார், வெளிப்பக்க நார். அவை முட்டி பக்கவாட்டில் மடியாமல் காக்கின்றன.

முன் குறுக்கு நார் நம் சுண்டு விரலைவிடச் சிறியது. நீளம் ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர், அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு. ஆனாலும் இளம் வயதினரின் நார், அறுந்துபோவதற்கு முன் ஏறத்தாழ 2,100 நியூட்டன் இழுவிசையைத் தாங்குவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. 200 கிலோவுக்கும் மேற்பட்ட எடையை ஒரு சிறு கயிற்றில் தொங்கவிடுவதற்கு இது சமம். அத்தனை வலிய கயிறு, யாரும் இடிக்காமலே அறுந்தது எப்படி? அதைப் பார்ப்பதற்கு முன் மற்ற உறுப்புகளையும் பார்த்துவிடுவோம்.

மெத்தை, எண்ணெய், கப்பி

இரண்டு எலும்புகளின் முனைகளிலும் வழவழப்பான குருத்தெலும்புப் பூச்சு உண்டு. அதற்கு நரம்பும் கிடையாது, இரத்தக் குழாயும் கிடையாது. தேயத் தொடங்கும்போது வலி தெரியாமல் இருப்பதற்கும், தேய்ந்தது மறுபடி வளராமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம் எண்ணெயாக உராய்வைக் குறைக்கிறது. நலமான முட்டியில் இந்தத் திரவம் ஒரு தேக்கரண்டிகூட இருக்காது.

எலும்புகளுக்கு இடையே, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு பிறைக்குருத்துகள் இருக்கின்றன. பிறைநிலா வடிவம் என்பதால் இந்தப் பெயர். இவை தட்டையான மேசைக்கு விளிம்பு கட்டி அதைச் சற்றே கிண்ணமாக்குகின்றன, அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கின்றன. இவற்றின் வெளி விளிம்புக்கு மட்டுமே இரத்தம் வருகிறது. உள்விளிம்புக்கு வராததால் அங்கே கிழிந்தால் தானாக ஆறுவது மிகவும் கடினம்.

முன்னால் தட்டினால் கையில் படுவது முட்டிச்சில்லு. தொடையின் முன்புறத் தசையிலிருந்து வரும் தசைநாணுக்குள் புதைந்திருக்கும் எலும்பு இது. கிணற்றுக் கப்பிபோல் வேலை செய்து, காலை நீட்டும் விசையைக் கூட்டித் தருகிறது. பிறக்கும்போது இது எலும்பாக இருப்பதில்லை, வெறும் குருத்துதான். ஏறத்தாழ 3 வயதுக்குப் பிறகே எலும்பாக மாறத் தொடங்குகிறது.

முட்டி தாங்கும் சுமையையும் பாருங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் செயற்கை முட்டிக்குள் அளவுமானிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு, படி ஏறும்போது 3 மடங்கு, இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகளையும் ஏறி இறங்கும் 50 கிலோ எடையுள்ள மாணவரின் முட்டி, இறங்கும் ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறைய 175 கிலோவைச் சுமக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்குவதும், இறங்கும்போது முட்டி நடுங்குவதும் இப்போது புரிகிறதா?

கண் இமைப்பதற்குள்

இனி அந்த ‘டப்’ சத்தத்துக்கு வருவோம். முன் குறுக்கு நார் அறுந்துபோகும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை மோதலால் நேர்வதில்லை. ஓடிக்கொண்டே திடீரென நிற்பது, திசை மாற்றுவது, குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது ஆகியவையே காரணம். வலைப்பந்து விதியை நினைத்துப் பாருங்கள். பந்தைப் பிடித்தவர் அதை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, உடனே நிற்க வேண்டும். அந்த நொடியில் முட்டி அதிகம் மடங்காமல் விறைப்பாக இருந்து, உட்பக்கம் சாய்ந்து, அதன்மேல் உடலும் முறுக்கிக்கொண்டால் முழுச் சுமையும் அந்தச் சிறு நாரின்மேல் விழுகிறது. முன்தொடைத் தசை கணைக்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. அதைப் பின்னால் இழுத்துச் சமன் செய்ய வேண்டியது பின்தொடைத் தசை. அது பலவீனமாக இருந்தாலோ தாமதித்தாலோ நார் தனியே மாட்டிக்கொள்கிறது.

விளையாட்டுக் காட்சிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையில் பட்ட ஏறத்தாழ 40 மில்லி வினாடிக்குள் நார் அறுந்துவிடுவதாகக் கணித்திருக்கிறார்கள். கண் இமைக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும். கால் தவறாக இறங்கிவிட்டது என்று மூளை உணர்ந்து தசையை இறுக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே கால் தரையைத் தொடும் முன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயார்நிலை பயிற்சியால் மட்டுமே வரும்.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்படுகிறது. உடலமைப்பு ஒரு காரணம். குதித்து இறங்கும் விதமும் தசைப் பயிற்சி குறைவாகக் கிடைப்பதும் மற்ற காரணங்கள். முதலாவதை மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் பள்ளித் திடலிலேயே மாற்றலாம்.

இரண்டு வீராங்கனைகள்

நம் நாட்டுப் பூப்பந்து வீராங்கனை கோ லியூ யிங்கை நீங்கள் அறிவீர்கள். மலாக்காவைச் சேர்ந்தவர். 2014-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அவருடைய இரண்டு முட்டிகளிலும் அறுவை சிகிச்சை நடந்தது. பூப்பந்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பல முறை முட்டியை மடக்கிப் பாய வேண்டும். இரண்டு முட்டியும் போனால் ஆட்டமே முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கில் சான் பெங் சூனுடன் இணைந்து கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டத்தில் அவர் நின்றார். இந்தோனேசியாவின் தொந்தோவி அகமட், லிலியானா நட்சிர் இணையிடம் தோற்றாலும் நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

ஸ்பெயின் நாட்டின் கரோலினா மரினுடைய கதை வேறு விதமானது. அதே ரியோவில் பி.வி. சிந்துவை வென்று தங்கம் பெற்றவர் அவர். 2019 சனவரியில் ஜகார்த்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சாய்னா நேவாலுக்கு எதிராக 10-4 என்று முன்னணியில் இருந்தபோது வலது முட்டியின் முன் குறுக்கு நார் அறுந்தது. எட்டு மாதம் முடிவதற்குள் திரும்பி வந்து சீனப் பொதுவிருதை வென்றார். 2021-இல் இடது முட்டியில் அதே காயம், தோக்கியோ ஒலிம்பிக் கைநழுவிப் போனது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதி. முதல் செட்டை வென்று இரண்டாவதிலும் முன்னணியில் இருந்தார். மறுபடியும் வலது முட்டி. தரையில் விழுந்து அழுத அவரை உலகமே பார்த்தது. எதிராளியான சீனாவின் ஹே பிங்சியாவ், பதக்க மேடையில் ஸ்பெயின் அணியின் சின்னத்தைக் கையில் ஏந்தி நின்றார்.

சீக்கிரம் திரும்பியதால்தான் மரினுக்கு இப்படி ஆனது என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒருமுறை நார் அறுந்தவருக்கு அதே முட்டியிலோ மறு முட்டியிலோ மீண்டும் அறுபடும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உறுதி.

வேறு என்னென்ன காயங்கள்?

காற்பந்தில் எதிராளியின் கால் பக்கவாட்டில் வந்து மோதும்போது உட்பக்க நார் பாதிக்கப்படலாம். இது மூட்டின் வெளியே இருப்பதால் இரத்தம் உறைந்து, அந்த உறைவின்மேல் புதிய திசு வளர்ந்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும். முன் குறுக்கு நாருக்கு அந்த வசதி இல்லை. மூட்டுத் திரவத்தில் குளித்துக்கொண்டிருப்பதால் அறுந்த முனைகளுக்கு நடுவே இரத்தம் உறைந்து பாலம் அமைப்பதில்லை.

பின் குறுக்கு நார், மடங்கிய முட்டியின் முன்பக்கம் நேராக அடிபடும்போது அறுபடும். மோட்டார் சைக்கிளிலிருந்து விழும்போதும், கார் மோதலில் முட்டி முன்பலகையில் இடிக்கும்போதும் இது நேர்கிறது. இந்தியக் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கி வலது முட்டியின் நார்கள் அறுபட்டார். அவர் மறுபடி மட்டை பிடிக்க 2024 மார்ச் வரை ஆனது. கொள்கலன் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம் ஊர் அண்ணன்மார்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மடங்கிய முட்டியை அழுத்தி முறுக்கும்போது பிறைக்குருத்து கிழிகிறது. கிழிந்த துண்டு இடையில் சிக்கிக்கொண்டால் காலை நீட்ட முடியாது. என் மாணவிக்கு இரண்டாம் முறை நடந்தது இதுதான்.

உங்கள் வயதுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. முட்டிச்சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேட்டில் வலியும் புடைப்பும் தோன்றும். வளரும் பருவத்தில் அந்த இடத்து எலும்பு இன்னும் குருத்தாகவே இருக்க, தசைநாண் அதை விடாமல் இழுப்பதால் வருவது. 1903-இல் அமெரிக்காவின் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தின் ஷ்லாட்டர் ஆகிய இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்ததால் இருவர் பெயரும் இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. பயமில்லை. ஓட்டத்தையும் குதிப்பதையும் கொஞ்ச காலம் குறைத்தால், வளர்ச்சி நிற்கும்போது பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

அடிபட்டால் என்ன செய்வது?

முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். ‘இன்னும் ஐந்து நிமிடம்தான்’ என்று தொடராதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மீள்தன்மையுள்ள கட்டுத்துணியால் மிதமாகச் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். முதல் சில நாள்களுக்குச் சூடு ஒத்தடம் வேண்டாம், தைலம் தேய்த்து அழுத்தி உருவவும் வேண்டாம். உள்ளே இரத்தம் கசியும்போது உருவினால் கசிவு கூடும், வீக்கமும் கூடும்.

அடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். அன்று நான் செய்யத் தவறியது இதைத்தான். முன் குறுக்கு நாருக்குள் இரத்தக் குழாய்கள் உண்டு. அது அறுந்தால் மூட்டுக்குள் இரத்தம் நிரம்பி, ஓரிரண்டு மணி நேரத்திலேயே முட்டி வீங்கிவிடும். பிறைக்குருத்து மட்டும் கிழிந்தால் வீக்கம் மெல்ல, பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். ஆகவே ‘டப்’ சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம், முட்டி நழுவுவதுபோன்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது சுளுக்கு இல்லை என்றே எண்ணி மருத்துவரிடம் போக வேண்டும். நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலும், முட்டியை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலும் அன்றே போக வேண்டும். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம். அவர்கள் தேவைப்பட்டால் எலும்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெளிவாகத் தெரியும். ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்றால் எலும்பு முறியவில்லை என்று பொருள். நார் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. அதற்கு மருத்துவர் கையால் இழுத்துப் பார்க்கும் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் வேண்டும். வலியும் வீக்கமும் போய்விட்டதால் நார் ஒட்டிக்கொண்டது என்றும் நினைக்காதீர்கள். நேராக நடக்க முன் குறுக்கு நார் அவ்வளவாகத் தேவைப்படாது. திரும்பும்போதுதான் அது இல்லாதது தெரியும்.

ஒன்பது மாதக் காத்திருப்பு

அறுந்த நாரைப் பெரும்பாலும் தைத்துச் சேர்ப்பதில்லை. நோயாளியின் பின்தொடைத் தசைநாணிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய நாரின் இடத்தில் பொருத்துகிறார்கள். புதிய நார் முதலில் வெறும் சாரம்தான். அதற்குள் இரத்தக் குழாய்கள் புகுந்து, செல்கள் குடியேறி, அது உண்மையான இணைப்பு நாராக மாற மாதக்கணக்கில் ஆகும். இடையில் ஒரு கட்டத்தில் அது பொருத்திய நாளில் இருந்ததைவிட வலுக்குறைந்தும் இருக்கும். வலியில்லாத அந்த நாள்களில்தான் பலரும் அவசரப்பட்டுத் திடலுக்கு ஓடுகிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை 9-ஆம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவை என்பதில்லை. தசைப் பயிற்சி மட்டுமே செய்து நலமாக வாழ்பவர்களும் உண்டு. வயது, விளையாட்டு, மற்ற காயங்கள் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இருபது நிமிடப் பாதுகாப்பு

உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ‘11+’ என்ற உடல் சூடேற்றும் பயிற்சியை உருவாக்கியது. மெதுவோட்டம், பின்தொடைத் தசைப் பயிற்சி, ஒற்றைக் கால் சமநிலை, குதித்துச் சரியாக இறங்குதல் ஆகியவை அதில் உண்டு. மொத்தம் 20 நிமிடம், கருவி எதுவும் தேவையில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான ஏறத்தாழ 1,900 காற்பந்து வீராங்கனைகளிடம் இது சோதிக்கப்பட்டு, முடிவு 2008-இல் வெளியானது. இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கடுமையான காயங்கள் இன்னும் அதிகமாகக் குறைந்திருந்தன.

என் மாணவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிறைக்குருத்தையும் தைத்தார்கள். படிவம் ஐந்தில் ஒரு போட்டியிலும் அவள் விளையாடவில்லை. பள்ளிக் குழுவின் தலைவியாக இருந்திருக்க வேண்டியவள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவளிடமும் அவள் அம்மாவிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் குழுவில் 20 நிமிடப் பயிற்சி முடியாமல் யாரும் பந்தைத் தொடுவதில்லை. எவள் முட்டியாவது வீங்கினால் என் ஸ்ப்ரே பையைவிட்டு வெளியே வருவதில்லை, நேரே கிளினிக்தான்.

பள்ளி முடித்த பிறகும் அவள் சில சனிக்கிழமைகளில் வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் குதித்து இறங்கக் கற்றுத் தருகிறாள். முட்டி மடங்க வேண்டும், பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும், உள்ளே சாயக்கூடாது. “பூனை மாதிரி இறங்குங்க. சத்தம் கேட்டா மறுபடியும் குதிக்கணும்,” என்கிறாள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. தரையில் உட்கார்ந்து காலை நீட்டித் தளர்வாக விடுங்கள். முட்டிச்சில்லை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், நகரும். இப்போது தொடையை இறுக்குங்கள். சில்லு மேலேறி அசையாமல் நிற்கும். கப்பியில் கயிறு இறுகிவிட்டது.

2. கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று மெல்லப் பாதியளவு உட்காருங்கள். முட்டி பாதத்துக்கு நேராக நிற்கிறதா, உட்பக்கம் சாய்கிறதா? சாய்ந்தால் இடுப்பு, தொடைத் தசைகளுக்குப் பயிற்சி தேவை என்று பொருள்.

3. அம்மா சமைக்கும் முன், தொடையும் காலும் சேர்ந்த ஒரு கோழிக்காலைக் கேட்டு வாங்குங்கள். மூட்டைக் கவனமாகப் பிரித்தால் வழவழப்பான குருத்தெலும்பு, பிறைக்குருத்து, நடுவே குறுக்கிடும் நார்கள் எல்லாம் தெரியும். கத்தியைப் பெரியவர் ஒருவர் பிடிக்கட்டும். முடிந்ததும் கையையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.